பூசணிக் கொடியும் ஊர்ப் பாடசாலையும்

1896ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்துக் கிராமப் பாடசாலை ஆசிரியர்களின் கைக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வந்து சேர்ந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது அது. பூசணிச் செடி தன் விதையிலிருந்து எவ்வாறு வெளியே வருகிறது என்பதே அதன் பொருள். மண்ணிலே தட்டையாகக் கிடக்கும் விதையிலிருந்து முதலில் வேர் கீழ்நோக்கி இறங்குகிறது. வேரின் தலைப்பில் ஒரு சிறு முடிச்சுத் தோன்றி, விதைத்தோலின் அடிப் பாதியை ஆணி அடித்தாற்போல அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. தண்டு வில்லாக வளைகிறது. வளைந்த தண்டு நிமிரும் வேகத்திலே விதையிலைகள் தோலுக்குள்ளிருந்து உருவப்பட்டு வெளிச்சத்துக்கு வருகின்றன. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டு மாணவர் மனனஞ் செய்யவேண்டிய பாடமன்று இது. ஒரு பெட்டியில் மண்ணிட்டு, விதை பலவற்றை ஊன்றி, நாளுக்கொன்றாகத் தோண்டியெடுத்து, ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகக் குனிந்து பார்க்கவேண்டிய பாடம்.

இத்தகைய பிரசுரங்களுக்கு அம்மாநிலச் சட்டசபை பொதுமக்களின் பணத்தை ஒதுக்கியிருந்தது. பூசணி விதைக்கும் சட்டசபைக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அது பசியிலே தொடங்கியது.

நியூ யோர்க் என்றதும் வானளாவிய மாளிகைகளே நம் மனக்கண்முன் நிற்கின்றன. அந்த நகரத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ முந்நூறு மைல் சென்றால், எரி என்னும் பேரேரியை அணுகும் இடத்திலே, சட்டாக்குவா, காட்டராகஸ் என இரு மாவட்டங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ‘கவுண்டி’ என அந்நாட்டார் வழங்குவதையே நாம் இங்கு மாவட்டம் என்கின்றோம். ஏரிக்கரையோரம் திராட்சைத் தோட்டங்கள். உள்ளே செல்லச் செல்லக் குன்றுகள், பசும்புற்றரைகள், பாற்பண்ணைகள். காட்டராகஸ் மாவட்டத்தின் தென்கோடியில் அலிகேனி ஆறு ஒரு பெரிய வளைவாக வளைந்து செல்கிறது. பனிப்பாறைகள் மாநிலம் முழுவதையும் மூடிக் கிடந்த பழங்காலத்தில் அவ்வாற்று வளைவின் தெற்கேயுள்ள குன்றுகள் மட்டும் பனிக்குத் தப்பிவிட்டன எனப் புவியியலார் கூறுவர். காட்டராகஸ் என்பது ஆங்கிலச் சொல்லன்று. செனெக்கா மக்களின் சொல். அம்மக்களைப்பற்றிப் பின்னர் பேசவேண்டியிருக்கிறது.

அக்காலத்து அமெரிக்கக் கிராமத்தின் நடுநாயகம் ஓரறைப் பாடசாலையே. ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே ஆசிரியை. ஐந்து வயதுக் குழந்தை முதல் மீசை முளைத்த வாலிபன்வரை ஒரே கூரையின்கீழ் மாணாக்கர். பகலிலே பாடம் நடந்த இடத்தில் இரவிலே ஊர்க்கூட்டமும் பாட்டும் சொற்போட்டியும் நடந்தன. பாடசாலைக்கு அடுத்தபடியாக ஊரை ஒன்றுகூட்டியது ‘கிரேஞ்சு’ என்ற கமக்காரர் சங்கம். அச்சங்கத்தின் கிளைகளுள் முதலாம் இலக்கம் பெற்றது சட்டாக்குவா மாவட்டத்துப் பிறெடோனியாவில் 1868இல் நிறுவப்பட்ட கிளையாகும். பெண்கள் ஆண்களோடு சரிசமமான உறுப்பினராக அமர்ந்தது அச்சங்கத்தின் சிறப்பு. தானியத்தை ஏற்றிச்செல்லும் றெயில்வேக் கம்பனிகள் கேட்ட கூலியை எதிர்த்தும், இடைத்தரகரை எதிர்த்தும் நாடெங்கும் குரல் கொடுத்தவர்களும் இச்சங்கத்தார்தாம். தங்கள் துன்பத்தின் வேர் எங்கேயிருக்கிறது என்பது கமக்காரருக்குத் தெரிந்தேயிருந்தது என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளுதல் வேண்டும்.

மேற்கே பரந்த புல்வெளிகளை உழுது விளைவித்த கோதுமை றெயிலில் ஏறிக் கிழக்கே வந்து குவிந்தது. குன்றுச்சரிவிலே கல்லைப் பொறுக்கிவிட்டு உழுத கிழக்கத்திக் கமக்காரர் அதனோடு எவ்வாறு போட்டியிடுவர்? 1893இல் நாடு முழுவதையும் உலுக்கிய பொருளாதார நெருக்கடி வந்தது. வங்கிகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு ஒரு புசல் கோதுமை ஐம்பது சதத்துக்குக்கூட விலைபோகவில்லை. ஈட்டுக் கடன் தலைக்குமேல் ஏற, குடும்பங் குடும்பமாக மக்கள் நிலத்தை விட்டுப் பட்டினம் நோக்கிப் புறப்பட்டனர்.

பட்டினத்துத் தரும ஸ்தாபனங்கள் திடுக்குற்றன. கஞ்சித்தொட்டிக்கு முன்னே அதுவரை வந்து நின்றவர் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைகள். இப்பொழுதோ தம் மாநிலத்துக் கமக்காரரே வரிசையில் நிற்கின்றனர். சொந்த மக்களைக் காப்பாற்ற இயலாதபடி இம்மாநிலத்து மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று தனவந்தர் கேட்டனர். மகாநாடு கூடிற்று, கமத்தொழில் மேம்பாட்டுக்கென ஒரு குழு அமைந்தது. குழுவின் தலைவர் ஏப்ராம் ஹியூவிற், இரும்பாலை முதலாளி, நியூ யோர்க் நகரத்தின் முன்னாள் மேயர். பொருளாளர் புல்டன் கற்றிங், பெருஞ் செல்வர். குழுவுக்கு ஆலோசனை கூறவந்தவர் ஜோர்ஜ் பவல் என்பார். ஊர் ஊராகச் சென்று கமக்காரருக்கு வகுப்பு நடத்திய அனுபவசாலி. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கமத்திலே ஆர்வம் உண்டாகவேண்டும், அதற்கு முதற்படி இயற்கைப் பாடம் என்றார் அவர். கற்றிங் பணங்கொடுக்க, பட்டினத்தை அடுத்த வெஸ்ற்செஸ்ரர் மாவட்டத்துப் பாடசாலைகளிலே பரீட்சார்த்தமாக அப்பாடம் தொடங்கிற்று. பயன் கண்ட குழுவினர், தனியார் பணத்தில் நடத்தக்கூடிய காரியமன்று இது, அரசே ஏற்கவேண்டும் என முடிவுசெய்தனர். சட்டசபையின் நிதிக்குழுத் தலைவராயிருந்த சட்டாக்குவா மாவட்டத்து நிக்சன் என்பார் முயன்று கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கு எண்ணாயிரம் டொலர் பெற்றுக்கொடுத்தார்.

நோயும் மருந்தும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பாருங்கள். நோய் கோதுமை விலை, றெயில்வேக் கூலி, ஈட்டுக் கடன். மருந்தோ பிள்ளைகளுக்குப் பறவையையும் பூச்சியையும் காட்டுதல். இரும்பாலை முதலாளி றெயில்வேக் கூலியைப்பற்றிப் பேசியிருப்பார் என நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. கமக்காரன் மகன் வண்ணத்துப்பூச்சியை நேசிக்கக் கற்றுக்கொண்டால் பட்டினம் நோக்கி வரமாட்டான். பட்டினத்துத் தரும வரிசை குறையும். இந்த எண்ணத்திலே கருணை இருந்தது, கணக்கும் இருந்தது. கிரேஞ்சு மண்டபத்தில் எழுந்த கேள்விக்கு விடையாகப் பூசணி விதை வந்தது.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் இதைப்பற்றி எழுதவேண்டிய தேவையே இராது. ஆயினும் மேலிருந்து கொடுக்கப்பட்ட ஒன்றைக் கீழேயுள்ளவர்கள் கையில் எடுத்துக்கொள்ளும்போது, கொடுத்தவர் எண்ணாத காரியங்களை அது செய்யத் தலைப்படுகிறது.

கோர்னெலில் இவ்வேலையை மேற்பார்வை செய்தவர் லிபர்ட்டி ஹைட் பெய்லி, மிச்சிகன் மாநிலத்துப் பழத்தோட்டக்காரர் ஒருவரின் மகன். தாவரவியலிலே பெரும்புலமை பெற்றவர். இயற்கைப் பாடம் விஞ்ஞானத்தைச் சுருக்கிக் கொடுப்பதன்று. பிள்ளை தன்னைச் சூழ உள்ளதோடு உறவு பூணுதலே அதன் நோக்கம் என்று அவர் கருதினார். 1903இல் இக்கொள்கையை விளக்கி ஒரு நூலும் எழுதினார். அவரோடு உழைத்தவர் அன்னா பொட்ஸ்போர்ட் கொம்ஸ்ரொக். 1854இல் காட்டராகஸ் மாவட்டத்து ஒற்றோ என்ற ஊரிலே கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பூச்சியியற் பேராசிரியரை மணந்து, கணவரின் நூல்களுக்குப் படம் வரைவதற்காக மரச்செதுக்குக் கலையைப் பயின்று, அதிலே பேர்பெற்றார். நுணுக்கமாகச் செதுக்குபவர் நுணுக்கமாகப் பார்த்தேயாகவேண்டும். வெஸ்ற்செஸ்ரர் பாடசாலைகளுக்கும் பின்னர் மாநிலத்து ஆசிரியர் வகுப்புகளுக்கும் சென்று அவர் கற்பித்தது அந்தப் பார்வையையே.

கிராமத்து ஆசிரியை யார்? பெரும்பாலும் பதினெட்டு இருபது வயதுப் பெண்; தானும் அத்தகைய ஓரறைப் பாடசாலையிலே படித்தவள். விஞ்ஞானம் என்றதும் நடுங்குவாள். பிள்ளை ஒரு புழுவைக் கொண்டுவந்து இது என்ன என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? எனக்குத் தெரியாது, வா, இருவருமாகப் பார்ப்போம் என்று சொல்லலாம் என்பதே கொம்ஸ்ரொக் அம்மையார் அவளுக்குக் கொடுத்த தைரியம். சிறிய காரியமென்று தோன்றும். ஆனால் தெரியாது என்று சொல்ல அஞ்சும் ஆசிரியரிடத்தில் படித்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். நான் படித்த பாடசாலையின் முற்றத்தில் ஒரு பெருமரம் நின்றது. ஆங்கில வாசிப்பு நூலிலே வரும் டஃபடில் மலரின் நிறத்தை நாங்கள் ஒப்புவித்தோம். அம்மரத்தின் பெயரை எவரும் கேட்டதுமில்லை, சொன்னதுமில்லை.

1911இல் அம்மையார் தம் பிரசுரங்களையும் பாடங்களையும் தொகுத்து இயற்கைப் பாடக் கைந்நூலொன்றை வெளியிட்டார். தொள்ளாயிரம் பக்கத்தை எட்டும் பெரும் புத்தகம். விலைபோகாது, நட்டமே வரும் எனக் கணவர் எண்ணினாராம். அது இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது, பிறமொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. கோழியும் குருவியும் தவளையும் பாசியும் ஓடைக்கல்லும் அதில் வருகின்றன. தொலைதூரத்து அதிசயமொன்றும் இல்லை. பிள்ளை பாடசாலைக்கு நடந்துவரும் வழியிலே காண்பவைதாம்.

இவ்வியக்கத்திலே என் மனதைக் கவர்ந்த பகுதி வேறொன்று. சட்டாக்குவா மாவட்டத்துக் கமக்காரர் ஜோன் ஸ்பென்சர் என்பாரைப் பெய்லி கோர்னெலுக்கு அழைத்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை ‘ஜோன் மாமா’ என்றே அறிந்தனர். ஊர் ஊராகச் சிறுவர் இயற்கைக் கழகங்களை அமைப்பித்தார் அவர். ஒவ்வொரு வகுப்பும் ஒரு கழகம். தலைவரையும் செயலாளரையும் பிள்ளைகளே தெரிவுசெய்வர். கழகத்துக்குச் சந்தா உண்டு. அச்சந்தா பணமன்று, கடிதம். தான் கண்ணாற் கண்ட ஒன்றைப்பற்றித் தன் சொந்த மொழியில் எழுதி ஜோன் மாமாவுக்கு அனுப்பவேண்டும். அனுப்பியவர்களுக்குச் சட்டையிற் குத்திக்கொள்ளும் ஒரு சிறு சின்னம் வரும். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன.

பால் கறந்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடிவரும் ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். அவன் தந்தையார் வாழ்நாளிற் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்ததில்லை. பல்கலைக்கழகம் என்பது உபதேசம் இறங்கிவரும் இடம் என்றே அவர் அறிவார். மகனோ குளத்தோரத்தில் தேரை முட்டையிட்டதைப் பார்த்து, எண்ணி, எழுதி, அதே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறான். அங்கே ஒருவர் அதை வாசிக்கிறார். அறிவு மேலிருந்து கீழே இறங்குவது மட்டுமன்று, கீழிருந்து மேலேயும் போகலாம் என்பதை அக்கடிதத்தின் தபால்முத்திரை அவனுக்கு உணர்த்தியது. கமத்திலே நிலைநிறுத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட பாடம் அவனுக்கு வாய்திறந்து பேசக் கற்பித்தது. இதற்கென்று எண்ணாயிரம் டொலரை எந்தச் சட்டசபையும் ஒதுக்கியிருக்க மாட்டாது.

பிள்ளைகளை அடுத்துத் தாய்மார் வந்தனர். காட்டராகஸ் மாவட்டத்து ரன்டொல்ப் என்ற ஊரைச் சேர்ந்த மார்தா வான் றென்சலர் 1893இல் அம்மாவட்டப் பகுதியொன்றின் பாடசாலை அதிகாரியாகத் தெரிவுசெய்யப்பட்டார். நியூ யோர்க் மாநிலப் பெண்களுக்கு முழுமையான வாக்குரிமை 1917இலேதான் கிடைத்தது என்பதை எண்ணும்போது இத்தெரிவின் அருமை விளங்கும். குதிரைவண்டியிலே குன்றுப் பாதைகளில் ஏறியிறங்கிப் பாடசாலை பாடசாலையாகச் சென்றவர், இராத் தங்கியது கமக்காரர் வீடுகளில். அங்கே அவர் கண்டது பெண்களின் வாழ்வு. கிணறு ஓரிடம், அடுப்பு வேறிடம், பால் வடிக்கும் அறை மற்றோரிடம். விடியலுக்கு முன்னே தொடங்கி நள்ளிரவில் ஓயும் நடை. கமக்காரருக்கென வாசிப்புப் பாடம் அனுப்பும் பல்கலைக்கழகம் அவர் மனைவிமாருக்கும் ஒன்று அனுப்பினால் என்ன என்ற எண்ணம் பெய்லிக்கு எழ, 1900இல் மார்தாவை அழைத்தார். அவருக்கு ஒதுக்கப்பட்டது ஒரு கட்டிடத்தின் நிலவறை. அங்கிருந்து 1901இல் வெளிவந்த முதற் பிரசுரம் வீட்டுக்குள் வீணாக நடக்கும் நடையை எவ்வாறு குறைப்பது என்பதைப்பற்றியது.

நடையைக் குறைப்பதா பெண்விடுதலை என்று நகைப்போரும் இருப்பர். அப்பிரசுரத்தைப் பெற்ற பெண்கள் நகைக்கவில்லை. அவர்கள் கூடி வாசிக்கத் தொடங்கினர். படிப்புக் கழகங்கள் எழுந்தன. கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடையாகத் தம் வாழ்வை எழுதி அனுப்பினர். அதுவரை எவரும் அவர்களைக் கேட்டதில்லை.

பல்கலைக்கழகமோ தன் சொந்த வீட்டில் அவ்வளவு தாராளமாயிருக்கவில்லை. 1899இல் கொம்ஸ்ரொக் அம்மையாருக்கு உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. கோர்னெலில் அப்பதவி பெற்ற முதற் பெண் அவர். பெண்ணொருத்திக்கு அப்பட்டமா என நிருவாக சபையினர் சிலர் முரண்பட, அடுத்த ஆண்டே அவர் விரிவுரையாளர் ஆக்கப்பட்டார். முழுப் பேராசிரியரானது 1920இல். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தாறு.

மக்கள் பட்டினம் நோக்கிப் போவது நின்றதா? நிற்கவில்லை. 1908இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் கிராமவாழ்வை ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தார், தலைவர் பெய்லியே. 1911இல் அதே மாநிலத்துப் புரூம் மாவட்டத்தில் முதன்முறையாக மாவட்டக் கமத்தொழில் ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவரை அமர்த்த முன்னின்றவர்கள் பிங்காம்டன் நகர வர்த்தக சங்கத்தாரும், ஒரு றெயில்வேக் கம்பனியும், மத்திய அரசின் கமத்தொழிற் பகுதியுமாவர். கமக்காரரின் நண்பராக றெயில்வேக் கம்பனி வந்து நின்ற காட்சியைக் கிரேஞ்சின் பழைய உறுப்பினர் எவ்வாறு நோக்கியிருப்பரோ! 1920ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது அமெரிக்காவின் பட்டினவாசிகள் தொகை முதன்முறையாகக் கிராமவாசிகள் தொகையை விஞ்சிற்று. 1925இல் மாநிலம் இயற்றிய சட்டமொன்று கிராமப் பாடசாலைகளை ஒன்றுசேர்த்து மத்திய பாடசாலைகளாக்க வழிவகுத்தது. ஓரறைப் பாடசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரிய கட்டிடமும் ஆய்வுகூடமும் நல்லவைதாம். ஆனால் பாடசாலை போன ஊரில் இரவுக்கூட்டத்துக்கு இடமும் போயிற்று. 1907இல் தொடங்கிய கோர்னெலின் கிராமப் பாடசாலைப் பிரசுரமும் 1959இல் நின்றது.

விதை மட்டும் எங்கெங்கோ முளைத்தது. சட்டாக்குவா மாவட்டத்து ஜேம்ஸ்ரவுண் தளவாடத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். சுவீடனிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்கே குடியேறியிருந்தனர். அப்படிப்பட்ட குடும்பமொன்றில் 1908இல் பிறந்த பையன் ஒருவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, பிளான்ச் ஹோர்ன்பெக் என்ற ஆசிரியை சிறுவர் பறவைக் கழகமொன்றைத் தொடங்கினார். பறவைப் படங்கள் கொண்ட மலிவான துண்டுப் பிரசுரங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வர்ணந் தீட்டச் செய்தார். பதினொரு வயதில் அப்பையன் மரத்திலே மரங்கொத்தியொன்று அசையாதிருக்கக் கண்டான். செத்துப்போயிற்று என எண்ணித் தொட்டான். தொட்டதும் அது விழித்து, பொன்னிறச் சிறகு பளீரிடப் பறந்துபோயிற்று. அவன்தான் றொஜர் டோரி பீற்றர்சன். பதிப்பாளர் பலர் வேண்டாமென்று தள்ளிய அவனது பறவைக் கைந்நூல் 1934இல் இரண்டாயிரம் பிரதிகளாக அச்சாகிச் சில நாட்களுக்குள் விற்றுத் தீர்ந்தது. பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்துக்கொண்டு பெயர் சொன்ன கற்றோரின் வித்தையை, தூரத்தில் நின்று பார்த்தே எவரும் சொல்லக்கூடிய பொதுச்சொத்தாக்கியது அந்நூல்.

இனிச் செனெக்கா மக்களைப்பற்றிய பேச்சு. இதைச் சொல்லாது விட்டால் மேலே கூறியவையெல்லாம் பாதிப்பொய் ஆகிவிடும்.

1896ஆம் ஆண்டுப் பிரசுரம் விளக்கிய பூசணி, ஐரோப்பியர் கப்பலிற் கொண்டுவந்த பயிரன்று. சோளம், போஞ்சி, பூசணி ஆகிய மூன்றையும் மூன்று சகோதரிகள் எனப் போற்றி, ஒரே மேட்டில் ஒன்றாக நட்டு வளர்த்தவர்கள் செனெக்காவும் அவர்களோடு கூட்டுறவு பூண்ட ஏனைய இறொக்குவா மக்களும். சோளத் தண்டிலே போஞ்சி படரும்; பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். அவ்வயல்களின் வேலையும் விளைச்சலும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. இவ்வறிவையெல்லாம் தொகுத்து 1910இல் நூலாக வெளியிட்டவர் ஆதர் பாக்கர் என்னும் செனெக்கா வமிசத்தவர். 1881இல் காட்டராகஸ் ஒதுக்கு நிலத்திற் பிறந்தவர். ஊர்ப் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்த வேண்டிய குருமார் பக்கத்து ஒதுக்கு நிலத்திலேயே வாழ்ந்தனர். அவர்களிடம் பாடங் கேட்க இயக்கத்தார் திரண்டு சென்றதாகத் தெரியவில்லை.

அதற்கு மாறாக நடந்தது என்ன? அதே காட்டராகஸ் ஒதுக்கு நிலத்திலே 1855இல் பாதிரிமார் அநாதைப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதியை நிறுவினர். 1875இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் தோமஸ் இந்தியர் பாடசாலை எனப் பெயர்பெற்ற அவ்விடத்துக்கு மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டனர். தாய்மொழி பேசியவர்கள் தண்டிக்கப்பட்டனர். சில மைல் தூரத்திலே வெள்ளையர் பிள்ளைகளுக்கு உன் வீட்டு வாசலில் உள்ளதை உற்றுப்பார், உன் சொந்த மொழியில் எழுது என்று ஆசிரியை அன்போடு சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே அரசின் பணத்தில், செனெக்காப் பிள்ளைகளுக்கு வீட்டையும் மொழியையும் மறக்கும் பாடம் நடந்தது. ஒரு பாடசாலைக்கு எண்ணாயிரம் டொலர் கொடுத்த சட்டசபையே மற்றப் பாடசாலையையும் நடத்திற்று. 1957இலேதான் அது மூடப்பட்டது. 2025 மே மாதம் மாநில ஆளுநர் அவ்விடத்துக்குச் சென்று அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

நிலத்தின் கதையும் இத்தகையதே. 1794ஆம் ஆண்டு உடன்படிக்கையில் செனெக்கா மக்களின் நிலம் அவர்களுடையதே, அவர்களை ஒருபோதும் தொந்தரவு செய்வதில்லை என ஐக்கிய அமெரிக்க அரசு கையொப்பமிட்டது. அலிகேனி ஒதுக்கு நிலம் காட்டராகஸ் மாவட்டத்தில் ஆற்றங்கரையோரமாகக் கிடக்கும் வளமான நிலம். அதை அடுத்த குன்றுகளில் 1921இல் மாநிலம் ஒரு பெரும் பூங்காவை அமைத்தது. 1927 முதல் 1941வரை அப்பூங்காவிலே பஃபலோ நகர இயற்கை விஞ்ஞானச் சங்கத்தார் கோடைகால இயற்கைப் பள்ளியொன்றை நடத்தினர். 1959 முதல் ஆண்டுதோறும் அங்கே இயற்கை யாத்திரை என்ற பெயரில் ஒரு கூட்டம் கூடுகிறது. பறவையறிந்தோரும் செடியறிந்தோரும் குடும்பங்களாக வந்து தங்கி, அறிந்ததை அறியாதோருக்குக் காட்டுகின்றனர். அருமையான கூட்டமென்பதில் ஐயமில்லை.

அவர்கள் முதன்முறை கூடிய காலத்திலேயே குன்றின் கீழே ஓடிய ஆற்றுக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. கீழ்நதியிலுள்ள பிற்ஸ்பர்க் நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பதற்காகப் பென்சில்வேனியாவில் கின்சுவா என்னுமிடத்தில் அணை கட்டுவதென அரசு தீர்மானித்திருந்தது. செனெக்கா மக்கள் நீதிமன்றம் ஏறினர், தோற்றனர். ஆதர் மோர்கன் என்னும் புகழ்பெற்ற பொறியியலாளர், ஒதுக்கு நிலத்தை மூழ்கடியாமலே வெள்ளத்தைத் திருப்பக்கூடிய மாற்றுத் திட்டமொன்றை வரைந்து கொடுத்தார். அது ஏற்கப்படவில்லை. 1961இல் ஜனாதிபதி கெனடிக்கு விடுத்த வேண்டுகோளும் பயன்படவில்லை. 1965இல் அணை முடிந்தது. ஒதுக்கு நிலத்தில் ஏறத்தாழப் பதினாயிரம் ஏக்கர் நீருக்குள் போயிற்று. ஏறத்தாழ அறுநூறு பேர் வீடிழந்தனர். புதைகுழிகள் தோண்டப்பட்டு எலும்புகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. விட்டு நீங்கிய வீடுகள் எரிக்கப்பட்டன. வழிபாட்டுக்கும் சபைக்கும் உரிய நீண்ட மனை, கோல்ட்ஸ்பிறிங் என்ற பழைய ஊரிலிருந்து ஸ்ரீம்பேர்க் என்ற புதிய குடியிருப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டது. எந்தச் செடி எந்த வளைவில் முளைக்கும், எந்த மாதத்தில் எந்த மீன் ஏறும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்களுக்கு அவ்வறிவு மட்டும் மிஞ்சிற்று, வளைவுகள் இல்லை.

இலையுதிர்காலம் வந்ததும் வெள்ளத்துக்கு இடம்விட்டு நீர்த்தேக்கத்தின் மட்டத்தை இறக்குகிறார்கள். மேல்முனையிலே, முன்னர் சோள வயல்களாயிருந்த தாழ்நிலம், பரந்த சேற்றுவெளியாக வெளியே தெரிகிறது. 1998இல் அலிகேனி ஒதுக்கு நிலத்துச் செனெக்கா மக்கள் சிலர் தங்கள் பிள்ளைகளுக்கென ஸ்ரீம்பேர்க்கில் ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினர். அங்கே கற்பிக்க எடுத்துக்கொண்ட பாடங்கள் செனெக்கா மொழியும், பருவந்தோறும் நிலத்துக்கும் நீருக்கும் பயிருக்கும் நன்றி கூறும் சடங்குகளுமாகும்.